குழந்தையின் முகத்தில் வந்தது அழகுப் பிரச்னை அல்ல!

ஏனாத்தூர் சாலையோரம், நடவு முடித்துக் கரையேறிய பெண்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு தாய் நம்மிடம் சிறு டியூப் ஒன்றை நீட்டினார். அடிவரைக்கும் நசுக்கிப் பிழிந்தெடுத்த டியூப்.

"பெரிய பொண்ணுக்கு மூஞ்சியில கருப்பா படர்ந்துகினே வருதுங்க. மெடிக்கல்ல கேட்டேன், இதைக் குடுத்தாங்க. போட்டா மங்குது, விட்டா மறுபடி வருது. இது நல்ல மருந்துதானா, பார்த்துச் சொல்லுங்கண்ணே" என்றார்.

பெண்ணுக்கு வயது 13. வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று விசாரித்தோம். சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று இருக்குமாம். விரலும் முட்டியும் வலிக்கிறது என்று அழுவாளாம். சீப்பில் முடி கொத்தாக வருகிறதாம். "வயசுக்கு வர்ற பொண்ணு, அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொல்றாங்க" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். முகத்தைப் பற்றித்தான் அவருக்குக் கவலை. மற்றதையெல்லாம் நாம் கேட்டதனால் சொன்னார்.

நாம் டாக்டர் அல்ல. அந்தப் பெண்ணுக்கு என்ன வியாதி என்று சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. களிம்பை நிறுத்திவைத்து, தோல் டாக்டரிடம் உடனே அழைத்துப் போகும்படி மட்டும் சொன்னோம். ஆனால் முகத்தில் படர்வது, மாலைக் காய்ச்சல், மூட்டு வலி, முடி கொட்டுவது ஆகிய நாலும் ஒரே குழந்தைக்குச் சேர்ந்து வந்தால் டாக்டர்கள் முதலில் நினைத்துப் பார்க்கும் வியாதிகளில் ஒன்றுக்கு லூபஸ் என்று பெயர். நம் வாசகர்களில் பெரும்பாலோர் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

தோலில் வருவதற்கெல்லாம் நம் ஜனங்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். தேமல், படை, கரப்பான், சொறி, சிரங்கு, மங்கு, அக்கி என்று பாட்டிமார் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்கள், பல சமயம் சரியாகவும் சொல்வார்கள். லூபஸுக்கு நம் ஊரில் பெயர் இல்லை. பெயர் இல்லாத வியாதி வேறொரு வியாதியின் பெயரில்தான் வீட்டுக்குள் நுழையும். லத்தீன் பாஷையில் லூபஸ் என்றால் ஓநாய். முகத்தை ஓநாய் கடித்துக் குதறியதுபோல் புண் இருந்ததால் பழைய ஐரோப்பிய வைத்தியர்கள் அப்படி அழைத்தார்கள். இது வெறும் தோல் வியாதி அல்ல, உள் உறுப்புகளையும் தாக்கும் என்று வியன்னா நகரத்து டாக்டர் கபோசி 1872-ல் எழுதினார்.

நம் உடம்புக்குள் ஒரு காவல் படை இருக்கிறது. கிருமி நுழைந்தால் அடித்து விரட்டுவது அதன் வேலை. லூபஸில் அந்தப் படைக்கு ஆள் அடையாளம் தப்பிவிடுகிறது. கூலி உயர்வு கேட்டு ஊர்வலம் வந்த சொந்த ஊர்க்காரர் மீதே தடியைச் சுழற்றும் போலீஸைப் போல, அது தன் உடம்பின் உயிரணுக்களையே அடிக்கத் தொடங்குகிறது. தோல், மூட்டு, இரத்தம், சிறுநீரகம், நுரையீரலைச் சுற்றிய சவ்வு, சிலருக்கு மூளை என்று எங்கு வேண்டுமானாலும் அடி விழலாம். இது தொற்று நோய் அல்ல. பக்கத்தில் உட்கார்ந்தால் வராது, ஒரே தட்டில் சாப்பிட்டால் வராது. யார் செய்த பாவமும் அல்ல, கண்ணேறும் அல்ல. லூபஸ் நோயாளிகளில் 100-க்கு 15 முதல் 20 பேருக்கு 18 வயதுக்குள்ளேயே அது தொடங்கிவிடுகிறது. ஐந்து வயதுக்குக் கீழே அபூர்வம். பத்து வயதைத் தாண்டி, பெண் பருவமடையும் காலத்தை ஒட்டித்தான் அதிகம். பையன்களுக்கும் வரும் என்றாலும் பெண் குழந்தைகளே பன்மடங்கு.

பெரியவர்களுக்கு வரும் லூபஸைவிடக் குழந்தைகளுக்கு வருவது கடுமையானது. குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்படுகிறது, அதுவும் பெரும்பாலும் முதல் இரண்டு வருஷத்துக்குள். சிறுநீரகம் கெடும்போது ஆரம்பத்தில் வலி கிடையாது. முகமும் காலும் வீங்கி, நுரைத்த சிறுநீர் போகும்போதுதான் வீட்டார் பயப்படுகிறார்கள். அதற்கு வெகு முன்பே தோல் எச்சரித்துவிட்டது என்பதைப் பலர் பின்னால்தான் உணர்கிறார்கள்.

அந்த எச்சரிக்கை எப்படி இருக்கும்? இரண்டு கன்னத்திலும் மூக்குத் தண்டிலும் வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல் படர்வது எல்லோரும் சொல்லும் அடையாளம். மூக்கோரத்திலிருந்து வாயோரம் இறங்கும் மடிப்பை மட்டும் அது பெரும்பாலும் தொடாமல் விட்டுவிடும். புத்தகங்களில் இதைச் சிவப்பு என்று எழுதியிருக்கிறார்கள். எழுதியவர்கள் பார்த்தது வெள்ளைக்காரக் குழந்தைகளின் முகத்தை. வெயிலில் உழைத்துக் கறுத்த நம் வீட்டுப் பிள்ளைகளின் தோலில் சிவப்பு சிவப்பாகத் தெரியாது. கருஞ்சிவப்பாகவோ, கத்தரிப்பூ நிறமாகவோ, வெறும் கறுப்பாகவோ தெரியும். "வெயிலில் கறுத்துவிட்டாள்", "மங்கு விழுந்திருக்கிறது" என்று சொல்லி விட்டுவிடுகிறோம். மங்கு வளர்ந்த பெண்களுக்கு வருவது, 13 வயதுப் பெண்ணுக்கு அது அபூர்வம். இந்த ஒரு விஷயத்தை நினைவில் வைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வேறு உருவங்களிலும் அது வரும். காசு காசாக, விளிம்பு தடித்து, நடுவில் செதிலோடு முகத்திலும் காதிலும் தலையிலும் வரும் திட்டு ஒருவகை. அது ஆறினாலும் தழும்பு நிற்கும். நடுவில் நிறம் போய் வெளுக்கும், ஓரம் கறுக்கும், தலையில் வந்தால் அந்த இடத்தில் முடி திரும்ப முளைக்காது. தோலோடு நிற்கும் வகை இது என்று பெரியவர்களிடம் சமாதானம் சொல்வதுண்டு. குழந்தைகளில் ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு அது உடம்புக்குள்ளும் பரவுகிறது. வாயைத் திறந்து மேல் அண்ணத்தைப் பாருங்கள். அங்கே வலியே இல்லாமல் புண் இருக்கும், குழந்தைக்கே தெரியாது. குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் வெளுத்து, நீலம் பாரித்து, பிறகு சிவக்கும். உள்ளங்கையிலும் விரல் நுனியிலும் சிறு சிறு சிவப்புப் புள்ளிகளும் புண்ணும் வரும். தறியில் நூல் அறுத்ததென்று நெசவாளி வீட்டில் அதைத் தள்ளிவிட வாய்ப்பு உண்டு.

அமெரிக்க வாத நோய் டாக்டர்கள் சங்கம் 1982-ல் இந்த வியாதிக்கு 11 அடையாளங்களை வகுத்தது. அவற்றில் நாலு இருந்தால் லூபஸ் என்று வகைப்படுத்தினார்கள். அந்தப் பதினொன்றில் நாலு எவை தெரியுமா? கன்னப் படர்வு, தழும்பாகும் திட்டு, வெயில் பட்டால் தோல் வெடிப்பது, வாய்ப் புண். நாலும் தோலிலும் வாயிலும் இருப்பவை. மெஷின் வேண்டாம், பகல் வெளிச்சமும் பார்க்கத் தெரிந்த கண்ணும் போதும். அதற்குப் பின் விதிகள் மாறிவிட்டன, இரத்தப் பரிசோதனைகள் முன்னுக்கு வந்துவிட்டன, அது நல்லதுதான். ஆனால் லாபரட்டரி இல்லாத கிராமத்தில் ஏழையின் குழந்தையை முதலில் காப்பாற்றக்கூடியது கண்தான்.

பிறகு ஏன் தாமதமாகிறது? டாக்டர் தூரத்தில் இருக்கிறார் என்பது ஏனாத்தூர் விஷயத்தில் முழு உண்மை அல்ல. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியே அந்த ஊரில் இருக்கிறது. காஞ்சிபுரத்தில் சர்க்கார் தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. செங்கல்பட்டில் சர்க்கார் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கும் சென்னை எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கும் பஸ் இருக்கிறது. ஆனால் தோலில் வந்ததற்காக ஒருநாள் கூலியை எந்த விவசாயத் தொழிலாளி விடுவார்? கை உடைந்தால் போவார், வயிற்றுப்போக்கு என்றால் தூக்கிக்கொண்டு ஓடுவார். முகத்தில் கறுப்பு விழுந்ததற்கு முதலில் மஞ்சள் பூசுவார்கள், பிறகு வேப்பிலை அரைத்துப் போடுவார்கள், பிறகு மருந்துக் கடை. ஒரு கட்டத்தில் "இந்த முகத்தை வைத்துக்கொண்டு நாளைக்கு எவன் கட்டுவான்" என்ற பேச்சு கிளம்பும். அப்போதுகூட ஆஸ்பத்திரிக்கு அல்ல, சிவப்பழகு தரும் களிம்பைத் தேடித்தான் போவார்கள். பெண்ணின் முகத்தைச் சரக்காகப் பார்க்கப் பழக்கிய சமுதாயம், அந்த முகம் சொல்லும் சேதியைப் படிக்கவிடாமல் செய்கிறது.

அந்தத் தாய் நீட்டிய டியூபுக்கு வருவோம். அதில் இருந்தது ஸ்டீராய்டு. கெட்ட மருந்து என்று நாம் சொல்லவில்லை. லூபஸ் திட்டுக்கே டாக்டர்கள் ஸ்டீராய்டு களிம்பு கொடுப்பதுண்டு, எந்த வலுவில், எத்தனை நாள், முகத்தில் எங்கே என்று பார்த்துக் கொடுப்பார்கள். சீட்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் தேய்த்தால் தோல் மெலிந்து நரம்பு தெரியும், பரு வெடிக்கும், நிறுத்தியதும் எரிச்சலோடு முன்னைவிடச் சிவக்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, அடையாளத்தை அது அரைகுறையாக அழித்துவிடுகிறது. வெளியே மங்குகிறது, உள்ளே வியாதி நடக்கிறது, பிற்பாடு பார்க்கும் டாக்டரும் ஏமாறக்கூடும். 2018-ல் மத்திய சர்க்கார் 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாதென்று உத்தரவு போட்டது. உத்தரவு காகிதத்தில் இருக்கிறது, டியூப் அந்தத் தாயின் கையில் இருந்தது. கடைப் பையனைத் திட்டி என்ன பயன்? சிவப்பே அழகு என்று இரவு பகலாக விளம்பரம் செய்து லாபம் குவித்த கம்பெனிகள் உருவாக்கிய சந்தை அது.

இன்னொரு பயமும் நம் பிரதேசத்துக்கு உண்டு. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் 1924-ல் தொடங்கிய குஷ்டரோக ஆஸ்பத்திரியை, 1955-ல் மத்திய சர்க்கார் எடுத்து ஆராய்ச்சி நிலையமாக்கியது. தோல் வெளுத்தாலே திருமணியை நினைத்து நடுங்கிய தலைமுறை இங்கே உண்டு. வெளுத்த திட்டை மறைத்து வைப்பதற்கு அந்தப் பயமும் ஒரு காரணம். குஷ்டத் திட்டில் பொதுவாக உணர்ச்சி குறைந்திருக்கும், பஞ்சால் தொட்டால் தெரியாது. லூபஸ் திட்டில் அப்படியில்லை. எதுவானாலும் மறைக்க வேண்டியதில்லை. குஷ்டத்துக்கும் இன்று மாத்திரை உண்டு, குணமாகும்.

அக்கி, அம்மை பற்றியும் ஒரு வார்த்தை. லூபஸுக்கு மாத்திரை சாப்பிடும் குழந்தைக்கு உடம்பின் காவல் படையையே மருந்தால் அடக்கி வைத்திருக்கிறார்கள். அந்தக் குழந்தைக்கு அக்கி மற்றவர்களைவிடச் சுலபமாக வரும், சின்னம்மை வந்தால் உயிருக்கே ஆபத்தாகலாம். குயவர் வீட்டில் காவி வைத்து அக்கி எழுதட்டும், வாசலில் வேப்பிலை செருகட்டும், நாம் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். "ஆத்தா இறங்கட்டும்" என்று ஒரு வாரம் காத்திருக்க இந்தக் குழந்தைக்கு நேரமில்லை.

இனி வெயில். புற ஊதாக் கதிர் பட்டுத் தோலின் உயிரணுக்கள் சிதைவது எல்லோருக்கும் நடப்பதுதான். மற்றவர் உடம்பு அந்தக் குப்பையைச் சத்தமில்லாமல் அள்ளிக் கொட்டிவிடும். லூபஸ் உள்ளவர் உடம்பில் குப்பை தேங்குகிறது. அதைக் கண்டு காவல் படை வெறிகொள்கிறது. வெயில் பட்ட இடத்தில் மட்டும் அல்ல, சில நாள் கழித்துக் காய்ச்சலாகவும் மூட்டு வலியாகவும் சிறுநீரகத்திலும் அது கிளம்பக்கூடும். ஆகவே நிழல் இந்தக் குழந்தைக்கு மருந்து. ஆனால் நம் நாட்டில் நிழல்கூட வர்க்கம் பார்த்துத்தான் விழுகிறது. ஏனாத்தூர் வயலில் நாற்றுப் பறிக்கும் குடும்பத்தின் பெண் லீவு நாளில் வீட்டில் தனியே இருப்பாளா, அம்மாவோடு கழனிக்குப் போவாளா? காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரர் வீட்டில் குழித்தறி இருக்கும் அறை இருண்டு கிடக்கும். அந்த இருட்டு நெசவாளியின் கண்ணைக் கெடுக்கிறது என்று நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இந்த ஒரு வியாதிக்கு மட்டும் அந்த இருட்டு தயவு காட்டுகிறது, விசித்திரம்தான். ஆனால் தெருவில் பாவு நீட்டும்போது நெசவாளி வீட்டுக் குழந்தையும் வெளியே வந்தாக வேண்டும். பொழுது விடிந்ததும் ஆரம்பித்து வெயில் ஏறுமுன் முடித்துவிட்டால் பாதகமில்லை. பத்து மணிக்குமேல், நாலு மணிக்கு முன்னால், இந்தக் குழந்தையைத் திறந்த வெளிக்கு அனுப்பாதீர்கள்.

பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது? காலைப் பிரார்த்தனை மைதானத்தில். விளையாட்டுப் பீரியட் மைதானத்தில். விழா ஒத்திகையென்றால் நாள் முழுக்க மைதானத்தில். முழுக்கைச் சட்டை போட்டு வந்தால் "யூனிபாரம் எங்கே?" குடை பிடித்தால் "பெரிய மகாராணி!" என்று பரிகாசம். ஸ்டீராய்டு மாத்திரையால் முகம் உப்பியிருக்கும், முடி உதிர்ந்திருக்கும். அதற்கு வேறு பட்டப்பெயர். பிள்ளை படிப்பை நிறுத்திவிடுகிறது, அல்லது மாத்திரையை நிறுத்திவிடுகிறது. இரண்டாவது இன்னும் ஆபத்து. ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு நிலைகுலைந்துவிடும், வியாதியும் பாய்ந்து வரும். வளரும் வயதில் கண்ணாடியில் தன் முகம் தனக்கே அந்நியமாகத் தெரிவது என்ன வேதனை என்று பெரியவர்களாகிய நாம் மறந்துவிட்டோம். அவளை அதட்டாதீர்கள். வியாதி அடங்க அடங்க டாக்டர் அளவைக் குறைப்பார், முகமும் பழையபடி திரும்பும் என்று எடுத்துச் சொல்லுங்கள். ஆசிரியர்கள் சங்கத் தோழர்களுக்கு நம் வேண்டுகோள்: பிரார்த்தனையின்போது இந்தப் பிள்ளையை வராந்தாவில் நிற்க விடுங்கள். ஜன்னலோரத்திலிருந்து உள்பெஞ்சுக்கு மாற்றுங்கள். முழுக்கைக்கு அனுமதி கொடுங்கள். இதற்கெல்லாம் சர்க்கார் உத்தரவு வேண்டியதில்லை.

வெயில் தடுக்கும் களிம்பு, அதாவது சன்ஸ்கிரீன், இந்தக் குழந்தைகளுக்கு டாக்டர்கள் தவறாமல் எழுதிக் கொடுப்பது. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், முகம், காது, கழுத்து, கை எல்லாம் தாராளமாகப் பூசி, இரண்டு மூன்று மணிக்கொரு தடவை மறுபடி பூச வேண்டும். அப்படிப் பூசினால் ஒரு டியூப் எத்தனை நாளைக்கு வரும்? கூலிக்காரர் வீட்டில் அதை வாங்கினால் கடுகளவு தொட்டுப் பூசி மூன்று மாசம் ஓட்டுவார்கள். அப்படிப் பூசுவதும் ஒன்று, பூசாததும் ஒன்று. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது சன்ஸ்கிரீனை எங்கே வைத்தார்கள் என்று பாருங்கள். அழகு சாதனப் பொருள்களோடு, "மருந்துகள் நீங்கலாக" என்று எழுதிய தலைப்பின் கீழ், 28 சதவீத வரியில்! அந்த வருஷம் நவம்பரில் 18 ஆகக் குறைத்தார்கள். சினிமா நட்சத்திரத்தின் அலங்கார மேசையில் இருப்பதும், சிறுநீரகம் போய்விடாமல் காக்க ஒரு தொழிலாளியின் மகள் பூசுவதும் வரிப் புத்தகத்துக்கு ஒன்றுதான். டாக்டர் சீட்டோடு வரும் குழந்தைக்குச் சர்க்கார் ஆஸ்பத்திரியில் அதை மருந்தாக, இலவசமாகக் கொடுக்க வேண்டும் என்பது நியாயமான கோரிக்கை. அதுவரை குடையும், முழுக்கைச் சட்டையும், தலையை மூடிய கெட்டிப் பருத்தித் துணியும் கைவசம் உண்டு. களிம்பு வாங்க முடியவில்லையே என்று சோர்ந்துவிட வேண்டாம்.

மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். லூபஸுக்கு அடிப்படை மருந்து மலேரியா மாத்திரைக் குடும்பத்தைச் சேர்ந்த ஹைட்ராக்சி குளோரோகுயின். தோலை ஆற்றுகிறது, வியாதி மறுபடி கிளம்பாமல் தடுக்கிறது, சிறுநீரகத்துக்கும் காவல். இதன் வம்சாவளி நம் நீலகிரியைத் தொட்டுப் போகிறது. 1860-களில் வெள்ளைக்கார சர்க்கார் தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவந்து நடுவட்டத்தில் பயிர் செய்தது. மலாயாப் பக்கத்திலிருந்து கொண்டுவந்த சீனக் கைதிகளை வைத்துக் காடு வெட்டியது. அந்த மரப் பட்டையிலிருந்து எடுத்த குயினைன் தன் சிப்பாய்களையும் அதிகாரிகளையும் மலேரியாவிலிருந்து காக்க அதற்குத் தேவைப்பட்டது. அதே குயினைனை லண்டன் டாக்டர் பெய்ன் 1894-ல் லூபஸுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் மலேரியா மாத்திரை சாப்பிட்ட சிப்பாய்களின் தோல் படர்வும் மூட்டு வலியும் தணிந்ததைக் கண்டார்கள். 1955-ல் ஹைட்ராக்சி குளோரோகுயினுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. இன்று அதை உலகுக்குப் பெருமளவில் தயாரித்துக் கொடுப்பது இந்தியத் தொழிலாளர்கள்தான்.

அப்படியிருந்தும் 2020-ல் என்ன நடந்தது? கொரோனாவுக்கு அது கைகண்ட மருந்து என்று அமெரிக்க ஜனாதிபதி ட்ரம்ப் மார்ச் மாதத்தில் கொட்டு முழக்கினார். வசதியுள்ளவர்கள் ஓடிப்போய்ப் பெட்டி பெட்டியாக வாங்கி அடுக்கினார்கள். மார்ச் 25-ல் சர்க்கார் ஏற்றுமதியைத் தடுத்தது. வாஷிங்டனிலிருந்து மிரட்டல் வந்ததும் ஏப்ரல் முதல் வாரத்தில் தடையைத் தளர்த்திக் கப்பலேற்றியது. நித்தம் அதைச் சாப்பிட வேண்டிய லூபஸ் நோயாளிகள் கடை கடையாக அலைந்தார்கள். ஜூன் மாதத்தில் பிரிட்டனில் நடந்த பெரிய பரிசோதனை, கொரோனா நோயாளிகளுக்கு அதனால் பயனில்லை என்று காட்டியது. அலைந்த நோயாளிகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

இந்த மாத்திரை கண்ணைக் கெடுக்கும் என்று ஒரு பயம் உண்டு. தறிக்காரருக்குக் கண்தான் சொத்து, பயம் இயற்கை. உடம்பின் எடைக்குத் தக்கபடி அளவு போட்டு, டாக்டர் சொன்ன தவணையில் கண் பரிசோதனை செய்துகொண்டால் பயப்பட வேண்டியதில்லை. அந்தப் பயத்தில் மாத்திரையை விட்டு, சிறுநீரகத்தைப் பறிகொடுப்பதுதான் பெரிய நஷ்டம். இன்னொன்றையும் தாய்மார்களுக்குச் சொல்லிவிடுகிறோம். வியாதி அடங்கியிருக்கும்போது, டாக்டர் யோசனையோடு, இந்தப் பெண்கள் கல்யாணம் செய்துகொள்கிறார்கள், பிள்ளையும் பெறுகிறார்கள். 1950-களில் லூபஸ் வந்தவர்களில் பாதிப்பேர் நாலைந்து வருஷத்துக்குமேல் தாங்கவில்லை. இன்று ஒழுங்கான வைத்தியம் கிடைத்த இடங்களில் ஐந்து வருஷத்துக்குப் பின்னும் 100-க்கு 90 பேருக்கு மேல் உயிரோடிருக்கிறார்கள். 'வைத்தியம் கிடைத்த இடங்களில்' என்பதை அழுத்திச் சொல்கிறோம். பணக்கார அமெரிக்காவிலேயே கறுப்பின மக்களிடமும் ஏழைகளிடமும் இந்த வியாதி கடுமையாகத் தாக்குகிறது.

ஆகவே மருந்தும் பரிசோதனையும் குடிசை வாசலுக்கு வர வேண்டும். அதற்குப் புதிய மாளிகை ஒன்றும் கட்ட வேண்டாம். 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டு சர்க்கார் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து தருகிறது. அதே பையில் லூபஸ் குழந்தையின் மாத்திரையையும் ஏன் வைக்கக்கூடாது? மாதாமாதம் மாத்திரை வாங்க மட்டும் சென்னைக்கோ வேலூருக்கோ போகும் குடும்பத்துக்கு இரண்டு பேர் பஸ் கட்டணமும் ஒருநாள் கூலியும் மிஞ்சும். ஈ.எஸ்.ஐ. அட்டை வைத்திருக்கும் மில் தொழிலாளி தன் பிள்ளைக்கும் அந்த அட்டையிலேயே வைத்தியம் உண்டென்பதை நினைவில் கொள்ள வேண்டும். விவசாயத் தொழிலாளிக்கு அந்த அட்டையும் கிடையாது.

பள்ளிக்கூடங்களுக்கு வரும் மருத்துவக் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013-ல் மத்திய சர்க்கார் தொடங்கிய திட்டப்படி 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. தோலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் சொறி சிரங்கு, பூஞ்சைப் படை, கரப்பான் வகை உண்டு. லூபஸ் இல்லை. பட்டியலில் இல்லாததைக் கண் தேடாது. அந்தக் குழுவுக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்து, கறுத்த தோலில் இது எப்படித் தெரியும் என்று படம் போட்டுக் காட்ட வேண்டும். அந்தப் படங்களை எடுக்க நம் மருத்துவக் கல்லூரிகளின் தோல் பிரிவுகளைவிடத் தகுந்த இடம் எது?

கடைசியாக ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிப் பெண்களின் சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு பட்டையைத் தோய்த்து எடுத்து, நிறம் மாறுகிறதா என்று கவனிக்கும் வேலை, நாலைந்து நிமிஷத்துக்குமேல் ஆகாது. முகத்தில் படர்ந்தது சில வாரமாக ஆறாத குழந்தையை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். காய்ச்சல், மூட்டு வலி, வாய்ப் புண், முடி கொட்டுவது, கால் வீக்கம், இவற்றில் எது இருந்தாலும் விட்டுவிடாமல் சொல்லுங்கள். "இந்தக் குழந்தைக்கும் சிறுநீர் பார்த்துச் சொல்லுங்கள், இரத்த அழுத்தமும் பாருங்கள்" என்று கேளுங்கள். சிறுநீரில் கோளாறு இல்லையென்று வந்தாலும், முகத்தில் உள்ளது ஆறும்வரை தோல் டாக்டருக்குச் சீட்டு எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் சங்கத் தோழர் ஒருவரை உடன் அழைத்துப் போங்கள். ஏனாத்தூர்த் தாயிடமும் இதையே சொல்லி அனுப்பியிருக்கிறோம். நடவுக் கூலி வாங்கும் நாளுக்கு மறுநாள் பெண்ணோடு போவதாகச் சொல்லியிருக்கிறார்.